பிணத்துக்குத் தூக்கிய கட்டை

செத்தவனை நிறுத்தக் கூடாது என்பது எளாவூர் செக்போஸ்டில் எழுதாத சட்டம். எழுதிய சட்டங்கள் அங்கே ஒரு பீரோ நிறைய இருந்தன. அவற்றைக் கரையான்தான் முழுசாகப் படித்திருந்தது. எழுதாத இந்த ஒன்றை மட்டும் எல்லோரும் மனப்பாடமாக வைத்திருந்தார்கள்.

ஆந்திர எல்லையில், கல்கத்தா ரோட்டின் குறுக்கே ஒரு சவுக்குக் கட்டை. அதன் ஒரு முனையில் பாறாங்கல்லைக் கட்டியிருக்கும். மறுமுனையைக் கயிறு போட்டு இழுத்து, ரோட்டோரக் கம்பத்தின் கொக்கியில் மாட்டியிருக்கும். கயிற்றை விட்டால் கட்டை தானே எழும்பும். அந்தக் கயிறு தாவீதின் பொறுப்பு. செக்போஸ்டை நடத்தும் இலாகாவில் அவன் வாட்ச்மேன். எந்த லாரி வந்தாலும் தார்ப்பாயை அவிழ்க்கச் சொல்லிப் பார்த்து, அதிகாரி பூவராகவன் தலையசைத்த பிறகுதான் விடுவான். மந்திரிக்கு மச்சான் என்று சொல்லிக்கொண்டு வந்த ஒருவனைக்கூட வெயிலில் காய வைத்தவன்.

பிணம் வந்தால் கதை வேறு. மெட்ராஸ் பெரியாஸ்பத்திரியில் செத்தவர்களை நெல்லூர்ப் பக்கம் கொண்டுபோகிற வேன்களுக்கு அதுதான் வழி. பிழைக்கப்போன இடத்தில் கண்ணை மூடிய நம் பக்கத்து ஆட்கள் எப்போதாவது வடக்கேயிருந்தும் வருவார்கள். மாலை போட்ட வண்டி தூரத்தில் தெரிந்ததுமே தாவீது கயிற்றை விட்டுவிட்டுத் தலைத்துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொள்வான். வரிசையில் நிற்கும் லாரிக்காரர்கள் எஞ்சினை அணைப்பார்கள். பூவராகவன் கொட்டகையிலிருந்து வெளியே வந்து, காக்கித் தொப்பியைக் கழற்றி மார்போடு வைத்துக்கொண்டு நிற்பார். வண்டி போய் மறைந்ததும் கட்டை இறங்கும், தொப்பி ஏறும், வசவும் வாக்குவாதமும் பழையபடி ஆரம்பமாகும்.

தமிழ்நாட்டில் மதுவிலக்கு திரும்ப வந்த மறுவருஷம் அது. இந்தப் பக்கம் கடையை மூடியாயிற்று, அந்தப் பக்கம் திறந்து கிடந்தது, நடுவில் ஒரு கட்டை. சாராயம் சும்மா இருக்குமா? பால் கேன், பூசணிக்காய் மூட்டை, பிள்ளைத்தாய்ச்சி வயிறு என்று அது போடாத வேஷமில்லை. அத்தனையையும் தாவீது பிடித்தான்.

ஒரு நாள் சாயங்காலம் ஒப்பாரியோடு ஒரு திறந்த வேன் வடக்கேயிருந்து வந்தது. நான்கு பெண்கள் மார்பில் அடித்துக்கொண்டிருந்தார்கள். நடுவே பாடையில், தாடையைக் கட்டி, மூக்கில் பஞ்சு வைத்து, நெற்றியில் காசு ஒட்டி ஒரு ஆள். கட்டை எழும்பியது, தொப்பி இறங்கியது, வேன் போயிற்று.

கும்மிடிப்பூண்டி தாண்டுவதற்குள் டயர் வெடித்துவிட்டது. பின்னால் வந்த போலீஸ் ஜீப், ஐயோ பாவம் துக்க வண்டி, ஒரு கை கொடுப்போம் என்றுதான் நின்றதாம். இறங்கிப் பார்த்தால் ஜாக்கியைச் சுற்றிக்கொண்டிருந்தது பிணம். தாடைக்கட்டு அவிழவில்லை, நெற்றிக் காசு விழவில்லை, உதட்டில் மட்டும் புதிதாக ஒரு பீடி. பாடைக்குக் கீழே லாரி டியூப் டியூபாகச் சாராயம். குப்புராஜ் என்ற அந்தப் பிணம் எடுத்தது ஓட்டம், வேட்டி தடுக்கி விழுந்து மாட்டிக்கொண்டது.

ஊரே விழுந்து விழுந்து சிரித்தது. தாவீதும் சிரித்தான், மறுநாள் காலை வரைக்கும். காலையில் அவனையும் கேஸில் சேர்த்துவிட்டார்கள். சோதனை போடாமல் விட்டதால் அவனும் உடந்தை என்று பொன்னேரி கோர்ட்டில் மூன்றாவது எதிரி ஆனான். அந்தக் கையோடு இலாகாவும் அவனை சஸ்பெண்டு செய்து, சாராயம் கடத்த உடந்தையாக இருந்தது, கடமையில் தவறியது என்று இரண்டு குற்றம் எழுதி, திருவள்ளூருக்கு விசாரணைக்கு வரச் சொன்னது. கட்டை எழும்பியது ஒரே தடவை. அதற்குப் பொன்னேரியில் ஒரு அடி, திருவள்ளூரில் ஒரு அடி. மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பது இதுதான் போலும்.

பொன்னேரியில் லோகநாதன் என்று ஒரு வக்கீல் கிடைத்தார். மூக்குப்பொடி போடுகிறவர். பேச்சுக்கு நடுவே ஒரு சிமிட்டா இழுத்துவிட்டுத்தான் முக்கியமானதைச் சொல்வார்.

"இதோ பாருப்பா. கோர்ட்டுல உன்னைத் தண்டிக்கணும்னா, நீ தெரிஞ்சே செஞ்சேன்னு போலீஸ்காரன் சந்தேகத்துக்கு இடமில்லாம நிரூபிக்கணும். நீ வாயே தெறக்க வேண்டாம். இலாகாவுல அப்படியில்லை. செஞ்சிருப்பான் போலன்னு அவங்களுக்குத் தோணினாலே போதும். உன்னையே கேள்வி கேட்டு, நீ சொல்றதை எழுதி, கையெழுத்து வாங்கிக்குவாங்க. அந்தக் காயிதம் டிக்கெட் வாங்காம ரயிலேறி இங்க கோர்ட்டுக்கு வந்து நிக்கும். கேஸ் முடியற வரைக்கும் திருவள்ளூர்ல நீ ஊமை."

"பேசலைன்னா ஒத்துக்கினேன்னு நெனச்சிக்க மாட்டாங்களா சார்?"

லோகநாதன் பொடியை இழுத்தார். "நெனைக்கலாம். எரியிற கொள்ளியில எந்தக் கொள்ளி நல்ல கொள்ளி, சொல்லு?"

அந்த வாரமே பூவராகவன் ஆரம்பாக்கத்துக்கு வந்தார். தாவீதின் வீட்டு வாசலில் ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு, அதன்மேல் சாய்ந்தபடியே பேசினார். உள்ளே வந்தால் தண்ணீர் கொடுப்பார்கள், கொடுத்தால் குடிக்க வேண்டியிருக்கும். அந்தத் தெருவில் அவர் சாதிக்காரர்கள் குடிக்கிற வழக்கமில்லை.

"தாவீது, நான் சொல்றதைக் கேளு. பிணம்னு நெனச்சு சோதனை போட மறந்துட்டேன், மன்னிக்கணும்னு ரெண்டு வரி எழுதிக் கொடுத்துடு. விசாரணை பண்ற ஆதிநாராயணன் சார் நல்ல மனுஷன். சின்ன தண்டனையோட விட்டுருவார்."

"மறந்துட்டேன்னா? நீங்க தொப்பி கய்ட்டிக்கினு நின்னீங்களே, அதையும் சேத்து மறந்துடணுமா சார்?"

பூவராகவன் முகம் சுண்டிப்போயிற்று. "என்னை இதுல இழுக்காதே. வீட்ல கல்யாணத்துக்கு நிக்கிற பொண்ணு இருக்கா" என்று சொல்லி ஸ்கூட்டரை உதைத்தார். அது உடனே கிளம்பவில்லை. நாலைந்து உதை வாங்கிய பிறகே கிளம்பியது. அதுவரை இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் நின்றார்கள்.

திருவள்ளூருக்குப் போவதே ஒரு தண்டனைதான். ஆரம்பாக்கத்தில் ரயிலேறி மெட்ராஸ் வரைக்கும் போய், அங்கிருந்து இன்னொரு ரயில் பிடித்துத் திரும்ப வெளியே வர வேண்டும். அவ்வளவு தூரம் போய் தாவீது பேசியது ஒரே வாக்கியம்.

"கேஸு முடியட்டும் சார்."

ஆதிநாராயணன் மடிப்புக் கலையாத சட்டைக்காரர். குரலை உயர்த்தாமலே மிரட்டத் தெரிந்தவர். "இது கோர்ட் இல்லைப்பா. இங்கே நான்தான் எல்லாம்" என்றார்.

"தெரியிது சார். அதான் பேசல."

கதவோரம் நின்ற பியூனுக்குச் சிரிப்பு வந்து, இருமுவதுபோல நடித்துக்கொண்டு வெளியே போனான். ஆதிநாராயணன் வேறு தேதி போட்டார். அடுத்த முறையும் அதே வாக்கியம், அதற்கடுத்த முறையும் அதே. வீட்டில் பாதிச் சம்பளத்தில் அடுப்பெரிந்தது. அவன் மனைவி முத்தம்மா மறுபடி நாற்று நடப் போனாள். அவன் வாயைத் திறக்கவில்லை.

பொன்னேரியில் கேஸ் நடந்தது. தாவீதை விடுவித்தது லோகநாதனின் வாதம் பாதி, குப்புராஜின் வாய் பாதி. மாஜிஸ்திரேட் கேட்டதும் அந்த ஆள் கூண்டில் நின்று வெள்ளந்தியாகச் சொன்னான்: "வாச்மேன் நம்ம ஆளா இருந்தா நா இன்னாத்துக்கு சாமி மூக்குல பஞ்சு வெச்சிக்கினு மூச்சடக்கிக் கெடக்கணும்? எய்ந்து குந்திக்கினு வந்திருப்பேனே!" கோர்ட்டே சிரித்தது. மாஜிஸ்திரேட்டும் சிரிப்பை அடக்கப் பேனாவைத் தேடினார். வேனில் வந்தது உயிரோடிருக்கும் ஆள் என்று தாவீதுக்குத் தெரியும் என்பதற்குச் சாட்சியமில்லை, சந்தேகத்தின் பலனை அவனுக்குக் கொடுக்கிறேன் என்று தீர்ப்பானது. குப்புராஜ் உள்ளே போனான், தாவீது வெளியே வந்தான்.

விடுதலைத் தீர்ப்பின் நகலை மடித்து எடுத்துக்கொண்டு, தலை நிமிர்ந்து திருவள்ளூருக்குப் போனான். ஆதிநாராயணன் அதைப் படித்துவிட்டு மேஜைமேல் வைத்தார்.

"சந்தோஷம். ஆனா, இதனால இங்க ஒண்ணும் முடிஞ்சிடாது."

"அதான் குத்தமில்லன்னு சொல்லிட்டாங்களே சார்!"

"உடந்தைன்னு போட்டதை நானும் எடுத்துடறேன். ஆனா கோர்ட் கேட்டது வேற கேள்வி. சாராயம்னு தெரிஞ்சு விட்டியான்னு கேட்டாங்க. நான் கேக்கறது, சோதனை போட்டியா இல்லையான்னு. போட்டியா?"

தாவீதுக்குச் சுரீரென்றது. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி வரம் கொடுக்க மாட்டான் என்று அவன் மனசுக்குள் திட்டினான். ஆனால் கேள்வி நியாயமான கேள்விதான் என்பதும் அவனுக்குத் தெரிந்தது. அவன் சோதனை போடவில்லை.

ஆதிநாராயணன் ஒரு காகிதத்தை நகர்த்தினார். மறந்துவிட்டேன், மன்னிக்கவும் என்று டைப் அடித்துத் தயாராக இருந்தது. "கையெழுத்துப் போட்டா ஒரு கண்டனத்தோட வேலைக்கு வந்துடலாம். இனிமே இது கோர்ட்டுக்கும் போகாது, உனக்குப் பயமில்லை. போடலைன்னா வேலை போகும். யோசிச்சு அடுத்த தேதிக்கு வா."

வீட்டில் முத்தம்மா கேட்டாள். "அதான் கேஸு தீந்துபோச்சே. இன்னும் இன்னாத்துக்கு வீம்பு? ஒரு கையெழுத்துதானே?"

"மறக்கலியேம்மே. நெனப்பு இருந்துதான் தூக்கினேன்."

"தூக்கினா இன்னா? மறந்துட்டேன்னு ஒரு பொய் சொன்னா வாய் வெந்துடுமா?"

தாவீதுக்கு அப்பன் நினைப்பு வந்தது. அவன் அப்பன் மோசஸ் செத்தது ஐப்பசி அடைமழையில். அவன் பிறந்த ஊரில் கல்லறைத் தோட்டத்துக்குப் போகிற ரோடு ஊர்த்தெரு வழியாகப் போகும். அந்தத் தெருவில் அவர்கள் பிணம் போகக் கூடாது. வரப்பு வழியாகத்தான் தூக்கிப் போனார்கள். முன்னால் தோள் கொடுத்தவன் தாவீது. சேற்றில் அவன் கால் வழுக்கிப் பாடை சரிந்து, அவன் அப்பன் நடவு வயலில் குப்புற விழுந்தார். உயிரோடிருந்த வரைக்கும் அந்த வயலில்தான் குனிந்து கிடந்தார், செத்த பிறகும் அதிலேயே முகம். ஊர்த்தெரு முனையில் குடை பிடித்துக்கொண்டு நாலு பேர் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஒருவன்கூடத் தலைத்துண்டை எடுக்கவில்லை. அந்த ஆத்திரம் தாவீதுக்கு இன்றுவரை ஆறவில்லை.

"நைனாவ வெச்சுக்கினு வயலாண்ட நின்னமே, நெனப்பு கீதா?" என்றான். "இந்தக் கயிறு கைக்கு வந்த அன்னிக்கே முடிவு பண்ணிட்டேன். நம்ம கையில இருக்கிற வழியில எவன் பொணமும் நிக்கக் கூடாது. ரெட்டியாரு பொணமோ, நம்ம சேரிப் பொணமோ, வந்தா கட்ட மேல. நான் தூக்கின உடனே அந்தப் பூவராகவன் தொப்பி கய்ட்டுவாரு பாரு, எந்தப் பொணம்னு கேக்காம கய்ட்டுவாரு. நம்ம ஊட்டுத் தண்ணி குடிக்காதவரு, நம்ம பொணத்துக்குத் தொப்பி கய்ட்டுவாரு. அத்தப் போயி மறதின்னு எழுதணுமா?"

முத்தம்மா உலையில் அரிசியைப் போட்டுவிட்டுக் கரண்டியால் ஒரு கிளறு கிளறினாள். அன்றைக்கு அந்த வயலில் இறங்கிப் பெரியவரின் முகச்சேற்றை முந்தானையால் துடைத்தவள் அவள்தான்.

"எய்தாத" என்றாள். "எனக்கு நாத்து நடத் தெரியும். ஒனக்குக் கை கால் கீது. போ, போய்ச் சொல்லிட்டு வா."

அடுத்த விசாரணைக்குப் பூவராகவனைச் சாட்சியாக அழைத்திருந்தார்கள். எல்லா வாகனங்களையும் சோதனை போட வேண்டும் என்பதே உத்தரவு, வாட்ச்மேன் அதை மீறினான் என்று ஒப்பித்துவிட்டு, மேஜைமேலிருந்த தன் தொப்பியையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஏதாவது கேட்கிறாயா என்று ஆதிநாராயணன் தாவீதைக் கேட்டார்.

"ஒண்ணே ஒண்ணு சார்." தாவீது எழுந்தான். "அன்னிக்கு அந்த வண்டி போறப்போ, நீங்க வெளிய வந்து தொப்பி கய்ட்டிக்கினு நின்னீங்களா இல்லியா?"

சுவரில் பல்லி கத்தியது. பூவராகவன் தொப்பியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"எனக்கு ஞாபகம் இல்லை."

தாவீதுக்கு அழுகை வரும்போல இருந்தது. கோபம் வந்து அதைத் தள்ளிவிட்டது. டைப் அடித்த காகிதத்தை எடுத்து ஆதிநாராயணன் பக்கமே திருப்பி வைத்தான்.

"மறதி எனக்கில்ல சார், சாருக்குத்தான். இந்தக் காயிதத்துல அவரையே கையெழுத்துப் போடச் சொல்லுங்க. நான் மறக்கல. பொணம்னு நெனச்சேன், தூக்கினேன். ஏமாத்தினவன் ஜெயில்ல கீறான். ஏமாந்தது தப்புன்னா தண்டன குடுங்க, வாங்கிக்கிறேன். ஆனா செத்தவனுக்கு வழி உட்டது தப்புன்னு எங்கையால எய்தித் தர மாட்டேன்."

ஆதிநாராயணன் பேனாவைக் கீழே வைத்தார். குரலில் அதட்டல் இல்லை. "தாவீது, நான் சொல்றதைக் கேளு. உனக்குச் சாதகமா முடிக்கத்தான் பார்க்கறேன். நாளைக்கே அந்த மாதிரி ஒரு வண்டி வந்தா சோதனை போடுவேன்னு சொல்லு. அது போதும்."

"தூக்குவேன் சார்."

"இதை எழுதிக்கட்டுமா?"

"எய்திக்கோங்க. பெரிய எய்த்தா எய்துங்க."

வேலை போயிற்று. அந்த உத்தரவோடு இன்னொரு உத்தரவும் செக்போஸ்டுக்கு வந்தது. போகிற பிணமானாலும் வருகிற பிணமானாலும் இனி நிறுத்தி, மேல்துணியை விலக்கிச் சோதனை போட்ட பிறகே விட வேண்டும். எழுதாத சட்டத்தை ஒழிக்க, கடைசியில் ஒரு சட்டத்தை எழுதியே விட்டார்கள்.

கும்மிடிப்பூண்டியில் அப்போது புதிதுபுதிதாகப் புகைபோக்கிகள் முளைத்துக்கொண்டிருந்தன. அதில் ஒரு இரும்பு உருக்கும் கம்பெனியில் தாவீது கூலிக்குச் சேர்ந்தான். வேலை முடிந்து சைக்கிளில் ஆரம்பாக்கம் திரும்புகிற வழியில்தான் செக்போஸ்ட். தினமும் கட்டைக்கு ஓரமாகச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு, கொட்டகைப் பக்கம் திரும்பாமல் போய்விடுவான்.

ஒரு நாள் பொழுது சாயும் நேரத்தில் கட்டைக்கு முன்னால் லாரிகள் நீளமாக நின்றன. எஞ்சின்கள் அணைந்திருந்தன. அந்த அமைதி தாவீதுக்குத் தெரிந்த அமைதி. சைக்கிளை விட்டு இறங்கி முன்னால் போனான்.

மெட்ராஸ் ஆஸ்பத்திரியிலிருந்து வந்த வேன். உள்ளே ஒரு சின்ன வயசுப் பெண்ணின் உடம்பு, வெள்ளைத் துணி சுற்றிக் கிடந்தது. அவள் புருஷன் அதன்மேல் குப்புறப் படுத்து இரண்டு கையாலும் துணியை இறுக்கிக்கொண்டு, "ஒத்து சார், ஒத்து" என்று, வேண்டாம் வேண்டாமெனத் தெலுங்கில் கெஞ்சினான். புது வாட்ச்மேன் திருமலை வேனுக்குள் ஒரு காலும் ரோட்டில் ஒரு காலுமாக நின்றான். அவனுக்கும் கண் கலங்கியிருந்தது.

"ஆர்டருண்ணே" என்றான் தாவீதைப் பார்த்ததும். "துணிய எடுத்துப் பாக்கலைன்னா என் வேல பூடும்."

"ஆமாண்டா. ஒனக்குப் பூடும். எனக்குப் போறதுக்கு இன்னா கீது? நீ நகரு."

தாவீது கம்பத்துக்குப் போய்க் கொக்கியிலிருந்து கயிற்றை எடுத்தான். உள்ளங்கைக்கு அது பழக்கமான கயிறு. கொட்டகைக்குள்ளிருந்து பூவராகவன் ஓடி வந்தார்.

"தாவீது! என்ன பண்றே? கையை எடு! அது கவர்மெண்ட் கயிறு!"

"நான் கவர்மெண்ட் ஆளு இல்ல சார்" என்றான் தாவீது, லாரி வரிசை முழுக்கக் கேட்கும்படி. "என்ன விசாரிக்க இனிமே ஒங்க இலாகாவுக்கு வழி கெடையாது. மெமோ குடுக்க முடியாது, சஸ்பெண்டு பண்ண முடியாது. கோர்ட்டுக்கு வேணா போங்க. கோர்ட்டு என்ன ஏற்கெனவே பாத்துக்கீது."

கயிற்றை விட்டான். பாறாங்கல் இறங்க, கட்டை எழும்பியது. திருமலை சட்டென்று வேனிலிருந்து குதித்து இறங்கித் தலைத்துண்டை உருவினான். வேன் நகர்ந்தது.

பூவராகவன் ரோட்டோரத்தில் நின்றார். தடுக்கவும் இல்லை, உள்ளே திரும்பிப் போகவும் இல்லை. வேன் அவரைக் கடக்கும்போது அவர் கை மெல்ல மேலே போய்த் தொப்பியைக் கழற்றி மார்போடு வைத்துக்கொண்டது.

வேன் மறையும் வரை தாவீது கயிற்றின் நுனியைப் பிடித்தபடி நின்றான். பிறகு கட்டையை இறக்கிக் கொக்கியில் மாட்டிவிட்டு அவர் பக்கம் திரும்பினான்.

"இதாவது ஞாபகம் இருக்குமா சார்?"

தொப்பி இன்னும் அவர் மார்பிலேயே இருந்தது. தாவீது சைக்கிளை எடுத்துக்கொண்டு ஆரம்பாக்கத்துக்குப் போனான்.